துப்பாக்கிக்கு முலாம் பூசலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். வேலூரில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிகொண்டாவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். எனக்கும் அப்படியே.

போய்ப் பார்த்தால், கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார். பயந்துவிடாதீர்கள். சுடாத துப்பாக்கி அது. 2006ல் வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு வந்ததல்லவா? அப்போது அவருடைய பள்ளிப் பிள்ளைகள் போட்ட நாடகத்துக்காகச் செய்தது. ஒரு தச்சரும் ஒரு லேத் பட்டறைக்காரரும் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தேக்குக் கட்டை, கருப்பு இரும்புக் குழாயில் குழல், இரும்புத் தகட்டில் குதிரையும் பூட்டும், பித்தளையில் அடித்தகடும் விசையைச் சுற்றிய வளையமும். குழலுக்குள் மரக்கட்டையை அடித்து, ஈயம் ஊற்றி அடைத்துவிட்டார்கள். நெருப்பு உள்ளே போகிற துளையே கிடையாது. பார்வைக்கு மட்டும் துப்பாக்கி.

இருபது வருஷத்தில் அதன் கோலம் மாறிவிட்டது. குழலில் ஆங்காங்கே செந்துரு. பிள்ளைகள் கை பிடித்த இடம் மட்டும் மழமழவென்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பித்தளை கறுத்து, திருகாணி ஓரங்களில் பச்சை கட்டியிருக்கிறது.

வாத்தியாரின் மகன் பெங்களூரில் வேலை பார்ப்பவர், லீவுக்கு வந்திருந்தார். "அங்கிள், வேலூர்ல முலாம் கடையில கேட்டுட்டேன். குரோம் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்னு சொல்றாங்க. ஹால்ல மாட்டிடலாம். அப்பாதான் உங்களைக் கேக்கணும்னு பிடிவாதம் பிடிக்கிறாரு" என்றார்.

வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

என்னை ஏன் கேட்கவேண்டும்? நான் வேலை பார்த்ததெல்லாம் தோல் ஷாப்பில், பரிசோதனைக் கூடத்தில். ஆனால் எங்கள் தொழிலில் தோலுக்கும் இரும்புக்கும் நடக்கும் சண்டையைத் தினமும் பார்த்தாக வேண்டும். அதனால் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில் "முலாம் வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் என்று அங்கே அரைமணி நேரம் சொன்னதை, இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம் இருக்கமாட்டார்கள். ஆனால் தாத்தாவின் கத்தி, பாட்டியின் குத்துவிளக்கு, பூஜை மணி, பழைய பூட்டு என்று ஏதாவது ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் கையில் இருந்தது, சக்கிமுக்கிக் கல் தட்டி நெருப்பு விழும் துப்பாக்கி. பிரவுன் பெஸ் என்று பட்டப்பெயர். அதில் கம்பெனிப் படைக்கென்று கொஞ்சம் குட்டையான குழலோடு வந்ததை 'இந்தியா பேட்டர்ன்' என்பார்கள். குழல் 39 அங்குலம். பிறகு பிரிட்டிஷ் படையே அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது.

அந்தப் புரட்சிக்கான காரணங்களில் நம் தொழிலும் கொஞ்சம் கலந்திருக்கிறது. புதிதாகக் கட்டச் சொன்ன தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது. நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற உத்தரவுகளோடு அந்தத் தோலும் சேர்ந்துதான் இந்து, முஸ்லிம் இரு பக்கத்தார் மனத்தையும் புண்படுத்தியது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து புரட்சியை அடக்கிய கதை உங்களுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரவுன் என்று பெயர் இருந்தாலும் அந்தத் துப்பாக்கியின் குழல் அப்போது பழுப்பு நிறத்தில் இல்லை. வெள்ளை வெளேரென்று துலக்கி வைக்கவேண்டும் என்பது சட்டம். செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டுச் சிப்பாய்கள் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். அணிவகுப்பில் மின்னவேண்டும், அவ்வளவுதான். தேய்த்துத் தேய்த்துக் குழல் மெலிந்துபோகும். வெயிலில் மின்னி எதிரிக்கு இடத்தையும் காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் புரிய அவர்களுக்கு வெகுகாலம் ஆனது. 1815 வாக்கில்தான் குழல்களைப் பழுப்பாக்கும்படி பிரிட்டிஷ் படையில் உத்தரவு வந்தது.

பழுப்பாக்குவது எப்படி? இதைக் கேட்டால் சிரிப்பு வரும். வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவதுதான். மருந்து தடவி, ஈரத்தில் வைத்து, மேலே மெல்லியதாகத் துரு வந்ததும் உதிரியைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி தடவுவார்கள். பல நாள் இப்படிச் செய்தால், அடியில் இறுகிப்பிடித்த ஒரு பழுப்புத் தோல் தங்கும். கடைசியில் எண்ணெயோ மெழுகோ போட்டு முடிப்பார்கள். கொதிநீரில் போட்டு எடுத்தால் அந்தச் செந்துருவே கருநீலமாக மாறும். உதிர்கிற துரு இரும்பைத் தின்னும். இறுகிப்பிடித்த துரு இரும்பைக் காக்கும். இந்த வித்தியாசம் ஒன்று புரிந்தால் போதும்.

தஞ்சாவூரில் பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்துச் சரக்கு. பட்டை இரும்புகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஏற்றிச் செய்தது. நீளம் சுமார் 25 அடி, எடை 22 டன் அளவு. வெயிலிலும் மழையிலும் கிடந்தும் இன்னும் அது உதிர்ந்து போகவில்லை. மேலே படிந்த அந்தக் கருந்தோலுக்கு அதில் பங்கு உண்டு. டெல்லியில் குதுப்மினார் பக்கத்தில் உள்ள இரும்புத் தூணும் அப்படித்தான். 1600 வருஷம் நிற்கிறது. அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் கட்டிப்பிடித்துத் தேய்த்ததால் 1997ல் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். கை படுவதற்கே வேலி என்றால், உப்புத்தாளால் தேய்ப்பதை என்னவென்று சொல்வது?

இனி, எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்லவேண்டும். ஒரு பொருளை நானே பாழாக்கியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் பெரியப்பாவும் இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் போய் வந்தவர். அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று, நீளமாக நடுவில் பிளவு விட்ட ஒரு பித்தளைத் தகடு. சட்டைப் பித்தான்களைத் துலக்கும்போது துணியில் பாலிஷ் படாமல் இருக்க, இந்தத் தகட்டைப் பித்தானுக்கு அடியில் நுழைத்துக்கொள்வார்களாம். அதில் அவருடைய படை எண்ணைச் சுத்தியால் தட்டிப் பொறித்திருந்தது.

பெரியப்பா காலமான பிறகு அது எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் அதைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. பிறகு வேலைக்குப் போய்க் கையில் காசு வந்ததும் டப்பா பாலிஷ். ஒரு வருஷம் பஃபிங் பட்டறையிலேயே கொடுத்து வாங்கிவந்தேன். தங்கம் மாதிரி வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

சில வருஷம் கழித்து, போர் வீரர்களின் விதவைகளுக்கு உதவித்தொகை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பெரியம்மாவுக்காக மனு எழுதினோம். படை எண் என்ன என்று கேட்டார்கள். காகிதமெல்லாம் கூரை ஒழுகி எப்போதோ போய்விட்டது. தகட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு எண்கள் ஏதோ மங்கலாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் என் கைகளே தேய்த்துத் தீர்த்துவிட்டன. வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், கரித்தூள் போட்டுப் பார்த்தேன், பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. எண் இல்லாத மனு திரும்பி வந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெரியம்மா "போவட்டும் விடுப்பா, நீ நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது.

அதனால்தான் வாத்தியார் வீட்டில் முதலில் பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். அடித்தகட்டைப் பார்த்தோம். கறுத்த பித்தளையில் ஆணியால் கீறிய எழுத்துகள். நாடகத்தில் நடித்த பிள்ளைகள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது. வாத்தியாருக்கே இது மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்து, இது இன்னான், இவன் இப்போது துபாயில், இவன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முலாம் கடைக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? முலாம் அப்படியே போய் ஒட்டாது. முதலில் பஃபிங் சக்கரத்தில் வைத்துச் சுத்தமாக வழித்து எடுப்பார்கள். விளிம்புகள் மழுங்கும், கீறல் போகும், எழுத்து போகும். பிறகு அமிலத் தொட்டி. அதற்கப்புறம்தான் நிக்கலும் குரோமும். ஒருமுறை வழித்ததைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. தவிர, குரோம் முலாம் தொழிலாக நடைமுறைக்கு வந்ததே 1920களில். 1806ஆம் வருஷத்துச் சிப்பாய் கையில் குரோம் துப்பாக்கி கொடுத்தால், அது கட்டபொம்மனுக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்ட கதைதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோல் பதனிட நாங்கள் பயன்படுத்துவதும் குரோம்தான், ஆனால் அது வேறு வகை. முலாம் தொட்டிகளில் வழக்கமாக இருப்பது விஷம் அதிகமான ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மலைபோல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த குரோமேட் கழிவில் இருப்பதும் அந்தச் சாதிதான். ஒரு நாடகத் துப்பாக்கி மின்னவேண்டும் என்பதற்காக நம் மாவட்டத்துத் தண்ணீருக்கு இன்னும் ஒரு சொட்டு விஷம் எதற்கு?

அப்படியானால் துருவோடு அப்படியே விட்டுவிடுவதா என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. விடக்கூடாது. செந்துரு தின்றுகொண்டே போகும். அதை நிறுத்தவேண்டும். இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது.

பழைய காலத்தில் நம் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். பட்டைத் தோலில் தப்பித்தவறி ஒரு இரும்பு ஆணி பட்டுவிட்டால் அந்த இடம் கருநீலமாகிவிடும். எத்தனை உருப்படிகள் அதனால் கழிவில் போயிருக்கின்றன! கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வித்தைதான். தோலுக்கு எது கறையோ அது துருப்பிடித்த இரும்புக்கு மருந்து. துவர்ப்புச் சத்து செந்துருவோடு கூடி, கரையாத கறுப்புப் படலமாக மாறி இறுகிவிடும். பழைய இரும்புப் பொருள்களைப் பாதுகாப்பவர்கள் உலகம் முழுக்க டானிக் அமிலம் என்ற பெயரில் இதைத்தான் தடவுகிறார்கள்.

செய்முறை இதுதான். முதலில் உலோகம் எது என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், மஞ்சளாகவும் இல்லாமல், தூக்கினால் கனமாக இருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் வெளிநாட்டு மாதிரித் துப்பாக்கிகள் பலவும் அந்த வகை. அதில் கடுக்காய் வேலை செய்யாது. உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய் வெள்ளைவெள்ளையாய்ப் பல்லிளிக்கும். மெல்லிய துணியால் துடைத்து மெழுகு போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரும்பு என்றால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி சுற்றி வையுங்கள். மறுநாள் தேங்காய் நாராலோ, தச்சர்கள் பாலிஷுக்கு வைத்திருக்கும் மிகச் சன்னமான இரும்பு நாராலோ உதிர்கிற துருவை மட்டும் எடுங்கள். பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்க்கக்கூடாது. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். இடித்த கடுக்காய்த் தோலை இரும்பு அல்லாத பாத்திரத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி, கெட்டியான கஷாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கறுக்கும். ஒரு நாள் காயவிட்டு, உதிரியைத் துடைத்து, மறுபடி தடவுங்கள். இரண்டு மூன்று தடவை போதும். பிறகு கழுவி, நன்றாக உலர்த்தி, கை பொறுக்கும் சூட்டில் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. தையல் மிஷின் எண்ணெயும் போடலாம். மரத்தில் மட்டும் கஷாயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கும் கறுத்துவிடும்.

சில எச்சரிக்கைகள். கழிவறை கழுவும் ஆசிட்டை எடுக்கவே வேண்டாம். துரு போகும், ஆனால் குழிகளுக்குள் குளோரைடு தங்கி, பத்து நாளில் முன்னைவிட மோசமாகத் துருவேறும். அதே காரணத்துக்காகக் கடைசிக் கழுவலுக்கு நம் போர்த் தண்ணீர் வேண்டாம். பாலாற்றங்கரையில் பல இடங்களில் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த உப்பில் எங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். மழைத் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ நல்லது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே ஒரு ரசாயனக் கூடம் தொடங்கினார்கள். அங்கே இருந்த செப்புத் திருமேனிகளில் பச்சையாய்ப் பொடிந்து வந்த நோயைக் குணப்படுத்தத்தான். அந்த நோய்க்கும் மூலம் இதே குளோரைடுதான். சாமி சிலையானாலும் நாடகத் துப்பாக்கியானாலும் உப்புக்குத் தெரியாது.

தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கமும் வேண்டாம். சிக்குப் பிடித்து, புளித்து, பித்தளையில் பச்சை கட்டும். குத்துவிளக்கின் அடியில் பார்த்திருப்பீர்கள். தோல்காரன் சொல்கிறேன், தோல் உறையில் போட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். அதில் உள்ள அமிலமும் உப்பும் மெல்ல மெல்ல உலோகத்தைத் தின்னும். உறை தனியாக, பொருள் தனியாக இருக்கட்டும்.

பித்தளைக்கு அமோனியா வாடை அடிக்கிற பாலிஷும் ஆகாது. நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய பாடம் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தாமாகவே வெடிப்பு விட்டன. யாருக்கும் காரணம் புரியவில்லை. குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அமோனியாவும் ஈரமும், தகடாய் அழுத்தியபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921ல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆகவே பித்தளையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, பச்சையை மட்டும் மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்து, மெழுகு போட்டுவிடுங்கள். கறுப்பு இருக்கட்டும்.

இவ்வளவும் மாதிரிக்கு. அசலுக்கு? பாட்டன் காலத்து உண்மையான குழலோ வாளோ உங்களிடம் இருந்தால், கடுக்காயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உலர்ந்த துணியால் தூசி தட்டி, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். மாதிரியில் நாம் செய்கிற தப்பு ஒரு நாடகச் சாமானோடு போகும். அசலில் செய்கிற தப்பு சரித்திரத்தோடு போகும். நாம் கோயில் கல்லையே மணல் பீய்ச்சிச் சுரண்டி, கல்வெட்டெழுத்துகள் மழுங்கிய பிறகு தடை போட்டவர்கள். பழையது என்றால் அழுக்கு, சுத்தம் என்றால் பளபளப்பு என்ற எண்ணம் நமக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் முதலில் தேய்த்து எடுக்கவேண்டும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்கால ஆயுதத்துக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. பழுது பார்த்தால் சுடும் என்றால் அந்த விலக்கு கிடையாது. "துருப்பிடிச்சுக் கிடக்குது சார்" என்பது பதில் ஆகாது. சந்தேகம் இருந்தால் தொடாமல், முறையாகப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள். மாதிரியானாலும் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவதும், பேரனிடம் கொடுத்து செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அசலும் நகலும் ஒன்றுதான். வாத்தியாரின் துப்பாக்கியில் குழல்வாயை ஈயத்தால் மூடியது வெளியில் தெரிகிறது. அதைக் கறுப்படித்து மறைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நகல் நகலாகவே தெரியட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். "1806ல வெள்ளையாத்தான துலக்கி வெச்சிருந்தாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப கறுப்பாக்கினா அதுவும் தப்புதான சார்?"

சரியான பிடி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். இந்தத் துப்பாக்கிக்கு இரண்டு வயது. பார்வைக்கு 1806, உண்மையில் 2006. 1806ஐக் காட்டவேண்டுமானால் வெள்ளையாகத் துலக்கவேண்டும், உண்மைதான். ஆனால் துலக்கினால் 2006 போய்விடும். 1806ஆம் வருஷத்துத் துப்பாக்கியை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், புத்தகத்தில் படம் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகள் பிடித்துத் தேய்ந்த துப்பாக்கி உலகத்தில் இது ஒன்றுதான். எதைக் காப்பாற்றுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றேன். இதை மறுக்கிறவர்களும் இருப்பார்கள். நாடகத்துக்கு மறுபடி எடுப்பதாக இருந்தால் துலக்கத்தான் வேண்டும் என்று வாதாடலாம். அதற்கும் நான் சொல்வது, புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள் என்பதுதான்.

மகன் மறுநாளே பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ கடுக்காய் வாங்கிவந்தார். அப்பாவும் மகனும் மூன்று நாள் திண்ணையில் உட்கார்ந்து செய்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி மேற்பார்வை. செந்துரு இருந்த இடமெல்லாம் கருநீலமாகி அடங்கிவிட்டது. கை பிடித்த இடத்தில் துரு இல்லாததால் கஷாயம் அதிகம் ஏறவில்லை. அந்த ஒரு சாண் இடம் மட்டும் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அடித்தகட்டில் ஒன்பது எழுத்துகளும் இருக்கின்றன.

வாத்தியார் ஒரு காகிதத்தில் அந்த ஒன்பது பேரின் முழுப் பெயரையும், யார் எந்த வேடம் போட்டார்கள் என்பதையும் எழுதி, துப்பாக்கி மாட்டிய ஆணியிலேயே ஒரு கவரில் தொங்கவிட்டிருக்கிறார். இதை நான் சொல்லவில்லை, அவருக்கே தோன்றியது. பெரியப்பா தகட்டின் எண்ணை யாராவது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் என் கதையும் வேறு மாதிரி போயிருக்கும்.

உங்கள் வீட்டில் பழைய உலோகச் சாமான் எது இருந்தாலும், அடுத்த பண்டிகைக்குத் துலக்க எடுக்குமுன் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பதை முதலில் படித்து எழுதி வையுங்கள். புளியும் செங்கல் பொடியும் எங்கேயும் ஓடிப்போகாது.